பஸ்ஸில் ஏறினாலே நெஞ்சு படபடக்கிறது!

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயது. மேலூரிலிருந்து மதுரைக்கு வந்து ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை பார்க்கிறேன். நாலு மாதத்துக்கு முன்னால், கூட்டமான பஸ்ஸில் திடீரென்று நெஞ்சு படபடத்து, விரல் மரத்து, செத்துவிடுவேன் என்று தோன்றியது. ஒத்தக்கடையிலேயே இறங்கிவிட்டேன். இசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் நார்மல். அதிலிருந்து பஸ்ஸே ஏறுவதில்லை. கணவர் பைக்கில் கொண்டுவந்து விடுகிறார். டாக்டர் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். மாமியாரோ, "ஊர் பைத்தியம் என்று சொல்லும், கருப்பசாமி கயிறு கட்டியாச்சு, போதும்" என்கிறார். மாத்திரைக்கு அடிமையாகிவிடுவோமாமே? பேசாமல் வேலையை விட்டுவிடட்டுமா?
- மேலூர் வாசகி

பதில்: வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள் தங்கச்சி. நீங்கள் சொல்வது பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று வரும் கடும் பதற்றம் போலத்தான் தெரிகிறது. உறுதி செய்ய வேண்டியவர் மருத்துவர். இது கற்பனையும் இல்லை, நடிப்பும் இல்லை. ஆபத்து என்று மூளை தவறாக எச்சரித்ததும் அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு வேகமாக அடிக்கிறது. மூச்சை வேகவேகமாக இழுப்பதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, விரல் மரக்கிறது, தலை சுற்றுகிறது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கிவிடும்.

சிக்கல் ஒத்தக்கடையில்தான் ஆரம்பித்தது. இறங்காமல் உட்கார்ந்திருந்தால் மாட்டுத்தாவணி வருவதற்குள் அதுவே தணியத் தொடங்கியிருக்கலாம். நீங்கள் இறங்கியதால், 'இறங்கினோம், பிழைத்தோம்' என்று மனம் கணக்கு எழுதிக்கொண்டது. அப்புறம் பைக். உங்கள் கணவர் அன்பாகத்தான் செய்கிறார், ஆனால் ஒவ்வொரு நாளும் அந்தக் கணக்கு உறுதியாகிறது. இன்றைக்கு பஸ்ஸைக் கண்டு பயம், நாளைக்கு தீபாவளிக் கூட்டத்தைக் கண்டு, அதற்கப்புறம் வாசற்படி தாண்டவே பயம். வேலையை விடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதற்கு சிபிடி என்ற பேச்சு சிகிச்சை நன்றாகப் பலன் தருகிறது. வாரம் ஒருமுறை, பெரும்பாலும் மூன்று நான்கு மாதம். "தைரியமாக இரும்மா" என்று சொல்லி அனுப்புகிற வேலை இல்லை (அதைச் சொல்லத்தான் தெருவே இருக்கிறதே!). பஸ் நிறுத்தத்தில் நிற்பது, ஒரு நிறுத்தம் வரை போவது, அப்புறம் கூட்டம் இல்லாத நேரத்தில் முழுப் பயணம் என்று படிப்படியாகப் பழக்குவார்கள். வீட்டுப்பாடமும் உண்டு.

மாத்திரை பற்றிய பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அல்பிரசோலம் மாதிரி உடனே அமைதிப்படுத்தும் மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட்டால் பழக்கமாகிவிடும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்காதீர்கள். ஆனால் பதற்ற நோய்க்கு டாக்டர்கள் முதலில் எழுதும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள் அப்படி அடிமையாக்குவதில்லை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நிறுத்துவதையும் டாக்டர் சொல்கிறபடி மெதுவாகத்தான் செய்ய வேண்டும். எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படும் என்றும் இல்லை.

மாமியாரோடு சண்டை வேண்டாம். கயிறு கையில் இருக்கட்டும், சிகிச்சைக்கு அது குறுக்கே நிற்காது. ஊருக்குத் தெரியுமே என்றால், 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரத்தை மருத்துவமனை ரகசியமாக வைத்திருக்க வேண்டும். அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவும் இல்லை. நேரில் போகத் தயக்கம் என்றால் முதலில் 14416-க்கு போன் செய்யுங்கள். 2022-லிருந்து இயங்கும் இலவச அரசு மனநல ஆலோசனை சேவை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். டாக்டரிடம் போகும்போது கணவரையும் கூட்டிப் போங்கள். பைக்கை எப்போது நிறுத்த வேண்டும் என்று அவருக்கும் தெரிய வேண்டுமே.