எந்த இடத்தில் நிறுத்தினீர்கள்?

சென்ற இதழில் உங்களிடம் ஒன்று கேட்டிருந்தேன். ஊரே கொண்டாடும் ஒரு வீடியோ கேம் உங்களுக்கு மட்டும் ஒட்டவே இல்லையா? அது எது, எந்த இடத்தில் கையை எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். ‘பிடிக்கவில்லை’ என்று மட்டும் எழுதி அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன்.

காரணம் இருக்கிறது. மதுரையில் 9 வருடம் கேம் சென்டர் நடத்தியவன் நான். பத்து கம்ப்யூட்டர், மணிக்கு 20 ரூபாய். கவுன்ட்டர் ஸ்டிரைக் ஆட வரும் பையன்களின் முதுகுக்குப் பின்னால் நின்றே பாதி நாள் போகும். ஒருவன் ஆட்டத்தை விட்டு எழுந்தால் அவன் முகத்தைப் பார்க்க மாட்டேன், திரையைத்தான் பார்ப்பேன். ‘போர் அடிக்குதுண்ணே’ என்று வாய் சொல்லும். மவுஸ் வேகம் அவன் கைக்கு ஒத்துவராமல் இருக்கும், அல்லது சுற்றி ஆடுகிறவர்கள் அவனைவிடப் பத்து மடங்கு தேர்ந்தவர்களாக இருப்பார்கள். மவுஸ் வேகத்தைச் சரிசெய்து கொடுத்தால் அதே பையன் மறுபடி உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஆடுவான். அதனால்தான் எங்கே நிறுத்தினீர்கள் என்று கேட்கிறேன். வந்த கடிதங்களும் என் பதில்களும் இதோ.

ரெட் டெட் ரிடெம்ஷன் 2-ஐ மூன்று முறை ஆரம்பித்துவிட்டேன். முதல் இரண்டு முறை பனிமலையிலேயே விட்டுவிட்டேன். மூன்றாவது முறை ஊருக்குள் போய், ஒருவருக்கு வணக்கம் சொல்லலாம் என்று பொத்தானை அழுத்தினேன். துப்பாக்கி நீண்டுவிட்டது, ஊரே துரத்தியது. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வர இரவு பத்தரை ஆகிறது. இதற்கு மேல் பொறுமை இல்லை.
*ஜவுளிக்கடை உரிமையாளர், ஈரோடு*

ஐயா, நீங்கள் நிறுத்தியது இரண்டு இடத்தில். இரண்டுக்கும் காரணம் வேறு.

முதலில் பனி. கதை 1899-இல், குதிரையும் துப்பாக்கியுமாகத் திரிந்த அமெரிக்காவில் தொடங்குகிறது. பிளாக்வாட்டர் என்ற ஊரில் அடித்த கொள்ளை சொதப்பி, ஒரு கும்பல் பெண்கள் குழந்தைகளோடு மலைக்கு ஓடி வந்திருக்கிறது. அந்தக் குளிரும் பசியும் நமக்கும் உறைக்க வேண்டும் என்றுதான் முதல் அத்தியாயம் முழுக்கப் பனியிலேயே வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அங்கே ஆட்டம் உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகிறது, இஷ்டத்துக்கு எங்கும் திரும்ப முடியாது. இரண்டாம் அத்தியாயத்தில் மலையிலிருந்து இறங்கி, புல்வெளியில் முகாம் போட்ட பிறகுதான் உண்மையான ஆட்டம் உங்கள் கைக்கு வருகிறது. 6 கோடிக்கும் மேல் விற்ற கேமை அதன் பனியை மட்டும் வைத்து எடைபோடாதீர்கள். கம்ப்யூட்டர் கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வாங்குகிறவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நிதானமாக ஆடுகிறவருக்குப் பனியே அந்த 2 மணி நேரத்தைத் தின்றுவிடும். அதனால் வாங்கும் முன்பே யூடியூபில் யாராவது இரண்டாம் அத்தியாயம் ஆடுவதை அரை மணி நேரம் பாருங்கள்.

அடுத்தது அந்தத் துப்பாக்கி. ஆயுதம் உறைக்குள் இருந்தால், கன்ட்ரோலரின் இடதுபக்கக் கீழ்ப் பொத்தான் எதிரில் இருப்பவரைப் பார்க்கும், பிறகு வணக்கம் சொல்லலாம். ஆயுதம் கையில் இருந்தால் அதே பொத்தான் குறிபார்க்கும். ஊருக்குள் நுழையும் முன் துப்பாக்கியை உறையில் போட்டுவிடுங்கள். இது ஒன்று தெரியாமல் இந்த ஆட்டத்தை விட்டவர்களை எனக்கே நாலைந்து பேர் தெரியும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வார்த்தை ‘பத்தரை’. இந்த கேமில் நாம் ஆடும் நாயகன் ஆர்தர் மார்கன் ஒரு அலமாரியைத் திறந்தால் ஒவ்வொரு இழுப்பறையாக இழுத்து, டப்பாவை எடுத்துப் பைக்குள் போடுவார். மானைச் சுட்டால் பக்கத்தில் குனிந்து தோலை உரித்து, சுருட்டி, குதிரை முதுகில் கட்டுவார். அத்தனையும் கண் முன்னே நடக்கும். முகாமுக்குள் ஓடக்கூட முடியாது, நடக்கத்தான் வேண்டும். இதைச் செய்தவர்கள் நாம் மெதுவாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் செய்திருக்கிறார்கள். நாள் முழுக்கப் புடவையை விரித்து மடித்துவிட்டு வருகிற கைக்கு, ராத்திரியில் மறுபடி ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிற வேலையா? எனக்கே மனசு கேட்கவில்லை. ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். மிஷன் எதையும் தொடாமல் குதிரையில் வேட்டைக்குப் போங்கள். அப்போதும் ஒட்டவில்லை என்றால் மனசார விட்டுவிடுங்கள். வார நாளில் ஆட 2020-இல் வந்த ஹேட்ஸ் போதும். ஒரு சுற்று ஏறக்குறைய அரை மணி நேரம். செத்தாலும் கதை நகரும்.

மனசுக்கு அமைதி தரும் கேம் என்று தோழிகள் ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமை வாங்கவைத்தார்கள். எனக்குப் படபடப்புதான் வருகிறது. மணி ஓடிக்கொண்டே இருக்கிறது. தண்ணீர் ஊற்றி முடிப்பதற்குள் மதியம் ஆகிவிடுகிறது. ஊரில் அப்பாவுக்கு நிலம் இருந்தது, தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. முதல் கோடை வந்ததும் நிறுத்திவிட்டேன்.
*வங்கி ஊழியர், கோயம்புத்தூர்*

சகோதரி, படபடப்பு உங்கள் கற்பனை இல்லை. அந்த ஆட்டத்தில் காலை 6 மணிக்கு எழுந்தால் இரவு 2 மணிக்கு மயங்கி விழுவோம். அந்த 20 மணி நேரம் நம் கடிகாரத்தில் சுமார் 14 நிமிடம்தான். ஒரு பருவத்துக்கு 28 நாள். பருவம் மாறினால் நிற்கிற பயிர் பெரும்பாலும் காய்ந்துவிடும். நீங்கள் நிறுத்தியது சரியாக அந்த இடத்தில். வசந்தகாலம் முழுக்கப் பாடுபட்டு வளர்த்தது ஒரே ராத்திரியில் செத்துக் கிடப்பதைப் பார்த்து எழுந்துபோயிருக்கிறீர்கள். நிலம் பார்த்து வளர்ந்தவருக்கு அது விளையாட்டாகப் படாது.

எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் படம், இசை, நிரல் எல்லாவற்றையும் தானே செய்து, சுமார் நாலரை வருடம் உழைத்து 2016-இல் வெளியிட்ட கேம் இது. ஆபீஸ் மேஜையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் ஒருவர் தாத்தாவின் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு நிலத்துக்குக் கிளம்புவதுதான் ஆரம்பம். நிலத்தைவிட்டு ஆபீஸுக்கு வந்தவர் நீங்கள். அந்தக் கதை உங்களுக்கு நேர்மாறாக நடந்திருக்கிறது.

இன்னொரு முறை தொடுவதாக இருந்தால் சில விஷயம். முதல் நாள் கொடுக்கிற 15 விதையோடு நிறுத்துங்கள், மேலே வாங்காதீர்கள். விவசாய லெவல் கொஞ்சம் ஏறியதும் தெளிப்பான் செய்யலாம், அப்புறம் குடத்துக்கு ஓய்வு. மீன் பிடிப்பது கஷ்டமாக இருந்தால் மீனவரிடம் 25 காசுக்குப் பயிற்சித் தூண்டில் கிடைக்கும், முதலில் அதை வாங்குங்கள். மூன்றாம் வருடத் தொடக்கத்தில் தாத்தாவின் ஆவி வந்து மதிப்பெண் போடும், குறைந்தால் பின்னால் மறுபடி போடச் சொல்லலாம். ஆகவே எந்தக் கெடுவும் கடைசிக் கெடு இல்லை.

தொட விருப்பமே இல்லை என்றால் ஜெர்மனியில் செய்த டார்ஃப்ரொமான்டிக் இருக்கிறது. அறுகோணத் துண்டுகளை ஒன்றோடு ஒன்று பொருத்திக் காடும் ஆறும் வீடுகளும் வரச் செய்வது. கடிகாரமே கிடையாது. டீ ஆறிப்போகும், நீங்கள் கவனிக்க மாட்டீர்கள்.

மொபைலில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடினால் மூன்றே நிமிடத்தில் செத்துவிடுகிறேன். மீதி நேரம் நண்பர்கள் ஆடுவதை வேடிக்கை பார்க்கிறேன்.
*பிளஸ் டூ மாணவர், கரூர்*

தம்பி, 100 பேர் இறங்கும் ஆட்டத்தில் பெரும்பாலானவர்களுக்கு இதுதான் நடக்கும். கூட்டம் குதிக்கிற இடத்தில் நீயும் குதிக்காதே. டீம் டெத்மேட்ச் ஆடு. நாலு பேருக்கு நாலு பேர், செத்தாலும் உடனே திரும்பி வரலாம். கை பழகியதும் மற்றதைப் பார்க்கலாம். பரீட்சை முடியட்டும், அப்புறம்.

ஹாஸ்டலில் எல்லோரும் எல்டன் ரிங் ஆடுகிறார்கள். வெளியே வந்ததுமே தங்கக் கவசம் போட்ட ஒரு குதிரைவீரன் நிற்கிறான். முப்பது தடவை செத்தேன். எனக்கு மூளை பத்தவில்லையோ என்று தோன்றிவிட்டது.
*பொறியியல் மாணவர், திருநெல்வேலி*

அப்படி நினைக்கவே கூடாது தம்பி. அந்தக் குதிரைவீரனை அங்கே நிறுத்தியிருப்பதே நீங்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போவதற்குத்தான். மற்ற கேம்களில் வழியில் நிற்கிறவனை அடித்தால்தான் வழி திறக்கும். இங்கே வழி திறந்தே கிடக்கிறது, ஆனால் ஆட்டம் அதை வாய்விட்டுச் சொல்லாது.

ஏன் சொல்லாது என்பதற்கு ஒரு பின்னணி இருக்கிறது. இதை இயக்கிய ஜப்பானியர் ஹிடேடகா மியாசாகி சின்ன வயதில் ஆங்கிலக் கற்பனைக் கதைகளை விரும்பிப் படித்தவர். பாதி வரி புரியாது. புரியாததை மனசால் இட்டு நிரப்பிக்கொண்டே படித்தேன் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2009-இல் வந்த டீமன்ஸ் சோல்ஸ் முதல் 2022-இல் வந்த எல்டன் ரிங் வரை அவர் கேம்கள் அந்தப் பையன் படித்த விதத்திலேயே இருக்கின்றன. பாதியை அவர் சொல்வார், பாதியை நாம் நிரப்ப வேண்டும். அது எல்லோருக்கும் பிடித்தாக வேண்டும் என்று சட்டம் இல்லை.

இன்னொரு முறை முயன்றால் இப்படிச் செய்யுங்கள். குதிரைவீரனை விட்டு ஒதுங்கி, இடிந்த தேவாலயத்துக்குப் போங்கள், அங்கே ஒரு வியாபாரி இருப்பார். தரையிலிருந்து பொன்னிறமாக ஒளி எழும் இடங்களைத் தொட்டுக்கொண்டே வெளியில் சுற்றுங்கள். மூன்றாவது இடத்தில் ஒரு பெண் வந்து லெவல் ஏற்றும் வழியைச் சொல்வாள், உங்களுக்கே ஒரு குதிரையும் கிடைக்கும். அது இல்லாமல்தான் முப்பது தடவை மோதியிருக்கிறீர்கள்.

சாகும் கணத்தில் உங்களுக்குள் என்ன ஓடுகிறது என்று ஒருமுறை கவனியுங்கள். கேம் சென்டரில் நான் பார்த்த பையன்களில், செத்ததும் ‘அவன் ஓங்கும்போதே இந்தப் பக்கம் உருண்டிருக்கணும்’ என்று முணுமுணுத்தவர்கள் கஷ்டமான ஆட்டங்களில் நிலைத்தார்கள். அவர்களுக்குச் சாவே பாடமாக இருந்தது. சிலருக்கு அந்த முணுமுணுப்பு வராது, கோபம் மட்டும் வரும். அவர்களும் புத்திசாலிகள்தான். மற்ற ஆட்டங்களில் வெளுத்து வாங்கினார்கள். உங்களுக்கு வருவது கோபம் மட்டும்தான் என்றால் ஹாஸ்டல் பையன்களுக்காக இதை ஆடாதீர்கள். கஷ்டத்தைக் குறைக்கும் செட்டிங் இதில் இல்லை. வழக்கமான பாஸ் பொத்தானும் இல்லை, வார்டன் கூப்பிட்டால் எழுந்து போவதற்குள் பாத்திரம் செத்திருக்கும்.

பேரனோடு ஆடலாம் என்று, கட்டைகளை அடுக்கி எதையும் கட்டும் மைன்கிராஃப்ட் கற்றுக்கொண்டேன். பத்து நிமிடத்தில் தலை சுற்றி வாந்தி வருகிறது. அதோடு இதில் என்ன செய்து முடிக்க வேண்டும் என்றே விளங்கவில்லை.
*ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்*

அம்மா, முதலில் தலைசுற்றல். நகர்கிறோம் என்று கண் சொல்கிறது, உட்கார்ந்திருக்கிறோம் என்று உள்காது சொல்கிறது. இரண்டும் முரண்படுவதால் வருவது இது. பேருந்தில் புத்தகம் படித்தால் வருமே, கிட்டத்தட்ட அதேதான். வயதுக்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம், இருபது வயதுப் பையன்கள் என் கடையில் முகம் வெளிறி எழுந்து போயிருக்கிறார்கள். செட்டிங்ஸில் ‘வியூ பாபிங்’ என்று இருப்பதைப் பேரனை அணைக்கச் சொல்லுங்கள், நடக்கும்போது திரை ஆடுவது நிற்கும். திரையில் எவ்வளவு அகலம் தெரிய வேண்டும் என்பதற்கான ‘எஃப்ஓவி’ என்ற அளவைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் எஃப்5 விசையை அழுத்தினால் உங்கள் பாத்திரத்தைப் பின்னாலிருந்து பார்க்கலாம், பலருக்கு அதிலேயே சரியாகிவிடும். அறையில் விளக்கு எரியட்டும், திரையிலிருந்து தள்ளி உட்காருங்கள். குமட்டல் தொடங்கினால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடராதீர்கள், உடனே நிறுத்துங்கள்.

இரண்டாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. முடிக்க வேண்டியது என்று ஒன்றும் இல்லை என்பதே பலரை இதிலிருந்து விரட்டுகிறது. ஒரு டிராகன் இருக்கிறது, அதைக் கொல்லாமலே வருடக்கணக்கில் ஆடுகிறவர்கள் உண்டு. ‘பீஸ்ஃபுல்’ என்று வைத்துக்கொண்டால் ராத்திரியில் பேய் பிசாசு வராது. அங்கே ஒரு பகலும் இரவும் சேர்ந்து 20 நிமிடம். அந்த 20 நிமிடத்துக்கு ஒரே ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பிறந்த வீட்டின் திண்ணையைக் கட்டுங்கள். இரண்டு தூண், நடுவில் கதவு, உள்ளே முற்றம். பேரன் கல் எடுத்துவரட்டும். எந்தத் தூண் எங்கே நின்றது என்று அவன் உங்களிடம்தான் கேட்க வேண்டும்.

உங்களுக்கே ஒட்டாத புகழ்பெற்ற கேம் உண்டா?
*வாசகி, புதுச்சேரி*

உண்டு. 2017-இல் வந்த ஜெல்டா, பிரெத் ஆஃப் தி வைல்ட். எத்தனையோ பேர் இதைவிடச் சிறந்த கேமே இல்லை என்கிறார்கள். நான் நிறுத்திய இடம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு முகாமில் கஷ்டப்பட்டு நல்ல வாள் ஒன்றைப் பிடித்தேன். அதை வீணாக்கக் கூடாது என்று பையிலேயே வைத்திருந்தேன். கடைசியில் ஒரு பெரிய எதிரிக்காக எடுத்தேன். சில அடியிலேயே திரை ஓரத்தில் எச்சரிக்கை சிவந்தது, அடுத்த அடியில் வாள் சுக்குநூறாகிப் போனது. அதில் ஆயுதங்கள் உடையத்தான் செய்யும். ஒரே வாளைப் பிடித்துத் தொங்காமல் புதிது புதிதாகத் தேடிப்போக வைப்பதற்காக என்று எனக்குப் புரிகிறது. புரிந்தும் கை வரவில்லை. ஸ்க்ரூடிரைவரைக்கூடப் பத்து வருடம் வைத்திருக்கிறவன் நான். இரண்டு முறை திரும்பப் போனேன், இரண்டு முறையும் பை நிறைய நல்ல வாள்களைச் சேர்த்துக்கொண்டு மரக்கிளையோடுதான் சண்டை போட்டேன்.

அந்த கேம் இப்போது என் அக்கா மகளிடம் இருக்கிறது. 120 கோயில்களையும் முடித்துவிட்டாள். போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கையிலிருந்த வாள் சிவந்ததும் அவள் பதறவில்லை, அப்படியே எதிரி மூஞ்சியில் வீசி எறிந்தாள். வாள் தெறித்தது, எதிரி மல்லாந்து விழுந்தான். அவன் கையிலிருந்து விழுந்த கோடரியை எடுத்துக்கொண்டே சொன்னாள்: “உடையும்போதுதான் மாமா ரெண்டு மடங்கு அடி விழும்.”