அசையாத போல்ட், எட்டாத நட்டு: கேள்வி பதில்

சிங்கப்பூர் சின் மிங் பட்டறைகளில் 23 வருஷம் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தவன் நான். வீட்டிலேயே காரைக் கழற்றிப் பார்ப்பவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: போல்ட் அசைய மாட்டேங்குது.

அண்ணே, 11 வயசு டொயோட்டா. சிஓஇ (கார் வச்சுக்கிற உரிமம்) இன்னும் 5 வருஷத்துக்குப் புதுப்பிச்சாச்சு. பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர் கீழ் போல்ட்டுக்குக் கை போகுது, ராட்செட் போகல. போனாலும் திருப்ப இடமில்லை. (யீஷூன்)

தம்பி, முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினீர்களா? ஆல்டர்னேட்டரின் பின்னால் வரும் தடித்த வயரில் இஞ்சின் ஓடாவிட்டாலும் கரண்ட் இருக்கும். ஸ்பானர் அதையும் இரும்பையும் சேர்த்துத் தொட்டால் வெல்டிங் வைத்ததுபோல் பொறி பறக்கும்.

அடுத்தது, மேலே இருந்து மல்லுக்கட்டாதீர்கள். பெல்ட் இருக்கும் பக்கத்து முன்சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். பல கார்களில் அந்த போல்ட் அங்கிருந்து கண்ணெதிரே நிற்கும். அரை மணி நேரம் கூடுதல் வேலைதான், ஆனால் முழங்கைத் தோல் மிஞ்சும். காரை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் தலையை உள்ளே விட வேண்டாம்.

திருப்ப இடமில்லை என்றால் ராட்செட்டுக்குள் இருக்கும் சக்கரத்தின் பல்லை எண்ண வேண்டும். 36 பல் என்றால் ஒரு சொடுக்குக்கு 10 டிகிரி அசைய இடம் வேண்டும். 72 பல் என்றால் 5 டிகிரி போதும். ஆனால் இறுகிய போல்ட்டின் முதல் அசைவுக்கு அந்தப் பொடிப் பல் ராட்செட்டைப் போடாதீர்கள், பல் போய்விடும். நீளமான ரிங் ஸ்பானரால் அசைத்துவிட்டு, பிறகு ராட்செட். எந்தக் கோணத்திலும் வளையும் யுனிவர்சல் ஜாயின்ட் போட்டால் அது தலையாட்டி பொம்மைபோல் தொங்கும். அதன் மேல் இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்று சுற்றுங்கள், சொன்ன கோணத்தில் நிற்கும்.

இன்னொன்று. கண்ணுக்குத் தெரியாத போல்ட்டில் திசை மாறிப்போகும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தலை கீழ்நோக்கி இருந்த ஒரு போல்ட்டை மேலே இருந்து கைவிட்டு அரை மணி நேரம் முறுக்கினேன். டவுக்கே, அதாவது முதலாளி, கோப்பியை உறிஞ்சிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில்தான் சொன்னார், நான் இறுக்கிக்கொண்டிருக்கிறேன் என்று. அன்றிலிருந்து என் கணக்கு இது: வலது கைக் கட்டைவிரலை போல்ட் வெளியே வரவேண்டிய பக்கம் நீட்டு, மற்ற விரல்கள் மடங்கும் திசையில் திருப்பு.

பிரேக் காலிப்பர் பிராக்கெட் போல்ட்டுக்கு ஒரு டப்பா டபிள்யூடி-40 முழுசா அடிச்சேன். அசையல. (செங்காங்)

அதன் பெயரிலேயே பதில் இருக்கிறது. டபிள்யூடி என்றால் வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட், அதாவது ஈரத்தை விரட்ட 1953இல் செய்தது, நாற்பதாவது முயற்சியில் சரியாக வந்ததால் 40. மரைக்குள் ஊடுருவுவதற்கென்றே பெனிட்ரேட்டிங் ஆயில் தனியாக விற்கிறது. அதைக் கொஞ்சமாக விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். டிஸ்க்கிலும் பேடிலும் பட்டுவிடக் கூடாது. காலையில் போல்ட் தலையில் சுத்தியலால் நாலு தட்டு. பிறகு ஒரு நூலளவு இறுக்கும் பக்கமே திருப்பிவிட்டு, அப்புறம் கழற்றுங்கள்.

சாக்கெட் ஆறு மூலை உள்ளதுதான் வேண்டும். பன்னிரண்டு மூலை சாக்கெட் இறுகிய போல்ட்டின் முனையை மழுக்கிவிடும். கைப்பிடி நீளத்தையும் பாருங்கள். 30 கிலோ பாரம் கொடுத்து அழுத்தினால் 25 செ.மீ. ராட்செட்டில் சுமார் 75 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை. அதே அழுத்தம் 60 செ.மீ. பிரேக்கர் பாரில் (நீளக் கைப்பிடி) சுமார் 180. ஜிம்முக்குப் போகத் தேவையில்லை.

ஹோண்டா டிஸ்க்கைப் பிடிச்சிருக்கும் ஸ்டார் ஸ்க்ரூ தலை தேஞ்சு போச்சு. (ஜூரோங் வெஸ்ட்)

எல்லாருக்கும் போகும். அது ஜப்பானியத் தர ஸ்க்ரூ. பலவற்றின் தலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும், உற்றுப் பாருங்கள். சாதாரண பிலிப்ஸ் முனை அதில் முழுசாக உட்காராமல் எகிறிவிடும். சுத்தியலால் அடித்தால் தானே திரும்பும் இம்பாக்ட் டிரைவர் ஒன்று வாங்குங்கள். தலை முழுக்கப் போயிருந்தால் துளையிட்டுத் தலையை எடுத்துவிடலாம். சக்கரம் மாட்டியதும் டிஸ்க்கைப் பிடித்துக்கொள்வது வீல் நட்டுகள்தான்.

நம்ம ஊர்ல பனியும் இல்ல, ரோட்ல உப்பும் போடறதில்ல. ஏன் இப்படி இறுகுது? கேஸ் டார்ச்சால சுடலாமா? (சிராங்கூன்)

உப்பு இல்லாவிட்டால் என்ன, வருஷம் முழுக்க ஈரம்தானே. அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட் இருந்து ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாகி, மரையை அடைத்துக்கொள்ளும். சூடு அங்கேதான் கைகொடுக்கும். அலுமினியம் இரும்பைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். ஆகவே போல்ட்டை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சுடுங்கள், ஓட்டை பெரிதாகும். ரப்பர் புஷ், பிரேக் ஹோஸ், பெட்ரோல் குழாய் பக்கம் நெருப்பே கூடாது. இப்போதுதான் ஆயில் அடித்த இடத்திலும் கூடாது, அது பற்றிக்கொள்ளும்.

அண்ணா, வீட்டுக்காரர் இஞ்சினுக்குள்ள போல்ட்ட போடறேன்னு கீழே போட்டுட்டார். 10 மி.மீ. சாக்கெட்டும் காணோம். (தெம்பனிஸ்)

காந்தக் குச்சி விட்டுத் துழாவச் சொல்லுங்கள் அம்மா. அடுத்த தடவை சாக்கெட்டுக்குள் ஒரு துண்டு டிஷ்யூ வைத்து அதில் போல்ட்டை அழுத்தினால் விழாது. 10 மி.மீ. சாக்கெட் கிடைக்காது. புதுசு வாங்குங்கள்.

போல்ட் உள்ளேயே முறிஞ்சிடுச்சு. ஈஸி அவுட் போடலாமா? (பொத்தோங் பாசிர்)

வீட்டில் வேண்டாம். ஈஸி அவுட் என்பது முறிந்த போல்ட்டில் துளையிட்டு, உள்ளே விட்டுத் திருப்பி எடுக்கும் கருவி, மிகக் கடினமான எஃகு. முறிந்து உள்ளே மாட்டிக்கொண்டால் சாதாரண டிரில் பிட் அதைத் தொடக்கூட முடியாது, அப்புறம் நமக்குத்தான் மரை கழலும். துண்டு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பட்டறையில் அதன் மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்துத் திருப்பிவிடுவார்கள். வெல்டிங் சூட்டிலேயே பாதிப் பிடி விட்டுவிடும்.

வீவக (அடுக்குமாடி வீடமைப்பு) கார்பார்க்கில் இதெல்லாம் செய்யலாமா? (அங் மோ கியோ)

கூடாது. தரைவீட்டு நண்பர் யாராவது இருந்தால் ஒரு பிரியாணியோடு போய்ப் பாருங்கள்.

திருப்பி மாட்டும்போது எல்லா போல்ட்டுக்கும் ஆன்டி சீஸ் தடவட்டுமா? (புக்கிட் பாத்தோக்)

போல்ட் இறுகிப்போகாமல் இருக்கத் தடவும் அந்தப் பசை எல்லாவற்றுக்கும் வேண்டாம், குறிப்பாக வீல் நட்டுக்கு வேண்டாம். புத்தகத்தில் போட்டிருக்கும் இறுக்க அளவு காய்ந்த மரைக்கு. பல டொயோட்டாக்களுக்கு அது 103 நியூட்டன் மீட்டர். வழவழப்பு இருந்தால் அதே 103இல் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். கம்பி பிரஷ்ஷால் துடைத்துவிட்டு, முதல் நாலைந்து சுற்றைக் கையாலேயே திருகுங்கள். கையால் ஏறவில்லை என்றால் மரை மாறி ஏறுகிறது, எடுத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள்.