காரின் கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்கள்: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டாலிலும் ஜொகன்னஸ்பர்க் வட்டாரத்திலும் வாழும் தமிழன்பர்கள் தங்கள் கார்களின் வெளிப்புறக் கறுப்புப் பிளாஸ்டிக் பற்றி அனுப்பிய கேள்விகளும், டர்பனில் வாகனத் துப்புரவுத் தொழில் செய்யும் நம் உறுப்பினர் எழுதிய பதில்களும் கீழே தரப்பட்டுள்ளன.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): ஐயா, என் பக்கியின் (பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டி) பம்பரும் சக்கர வளைவுகளும் வாங்கிய புதிதில் கன்னங்கரேலென்று இருந்தன. இப்போது சாம்பல் பூத்துவிட்டன. தண்ணீர் பட்டால் கறுப்பாகத் தெரிகின்றன, காய்ந்ததும் மீண்டும் வெளுத்துவிடுகின்றன. இது அழுக்கா, பிளாஸ்டிக்கே கெட்டுவிட்டதா?

பதில்: மருந்து வாங்கும் முன் நோயை அறிய விரும்புகிறீர்கள், அதுவே சரியான முறை. இந்தப் பாகங்கள் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கோடு சிறிதளவு ரப்பரும் டால்க் தூளும் சேர்த்து வார்க்கப்படுபவை. இவற்றின் மேல் பெயின்ட் கிடையாது. கரித்தூள் உள்ளேயே கலந்திருப்பதால்தான் கறுப்பாக இருக்கின்றன. சூரியனின் புற ஊதாக் கதிர்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பிலுள்ள நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கின்றன. அதனால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டாகி, அவற்றில் ஒளி சிதறுவதால் கறுப்பு நிறம் நம் கண்ணுக்குச் சாம்பலாகத் தோன்றுகிறது. தண்ணீர் அந்த வெடிப்புகளை நிரப்பும்போது ஒளிச்சிதறல் குறைகிறது, கறுப்பு திரும்பியது போல் தெரிகிறது.

ஆனால் மேலே படிந்த மெழுகும் சில வேளைகளில் இதே போல நடந்துகொள்ளும் என்பதால், தண்ணீரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வெள்ளைத் துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சிறிது நனைத்து, கண்ணில் படாத ஓர் ஓரத்தில் அழுத்தித் தேயுங்கள். வெளுப்பு நீங்கி, ஆல்கஹால் ஆவியான பிறகும் அந்த இடம் கறுப்பாகவே இருந்தால் அது வெறும் படிவு, சுத்தம் செய்தாலே போதும். துணியில் கறுப்பு ஒட்டிக்கொண்டு, காய்ந்த இடம் மீண்டும் வெளுத்தால் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பே சிதைந்திருக்கிறது என்று பொருள். அதற்குச் சுத்தம் செய்வது முதல் படி மட்டுமே.

கேள்வி (லெனேசியா): டர்பனில் கடல் உப்பு உண்டு என்பது புரிகிறது. கடலே இல்லாத எங்கள் ஊரில் ஏன் இவ்வளவு விரைவாக வெளுக்கிறது?

பதில்: பிளாஸ்டிக்கை வெளுக்கச் செய்வது உப்பு அன்று, வெயில்தான். உங்கள் லெனேசியா அடங்கிய ஜொகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் பத்து விழுக்காடு கூடுகிறது. அதோடு, பூமி சூரியனுக்கு மிக அருகே வருவது ஜனவரித் தொடக்கத்தில், அதாவது நம் கோடையின் நடுவில். ஆகவே நிழலில் நிறுத்துவதுதான் உங்கள் ஊரில் முதல் பாதுகாப்பு. கார் எப்போதும் ஒரே பக்கம் வெயில் படும்படி நின்றால் அந்தப் பக்கம் மட்டும் முந்தி வெளுக்கும். திசையை மாற்றி மாற்றி நிறுத்துவதற்குச் செலவு ஏதுமில்லை.

டர்பன்காரர்களுக்கும் ஒரு சொல்: உப்பு, பிளாஸ்டிக்கை விட அதைப் பிடித்திருக்கும் இரும்புத் திருகுகளையே அரிக்கிறது. சக்கர வளைவின் உட்புறத்தை நல்ல தண்ணீரால் அலசாமல் வெளியே மட்டும் பளபளக்க வைப்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேள்வி (மவுண்ட் எட்ஜ்கம்): மெழுகுப் பாலிஷ் போட்டபோது அது கறுப்புப் பட்டையில் பட்டுவிட்டது. சொரசொரப்பான குழிகளில் வெள்ளையாக உறைந்திருக்கிறது, ஷாம்பூவுக்குப் போகவில்லை.

பதில்: வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து, மென்மையான பழைய பல்துலக்கியால் நாலா பக்கமும் தேய்த்துப் பாருங்கள். அதற்கும் போகாததை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இளக்கிவிடும். சிறு திட்டுகளைப் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை அழிப்பானே எடுத்துவிடும். பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு நீக்கி ஆகிய மூன்றையும் தொடவே தொடாதீர்கள், பிளாஸ்டிக்கும் அருகிலுள்ள பெயின்ட்டும் பாழாகும். அடுத்த முறை பாலிஷ் போடும் முன் பட்டைகளின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி (தோங்காட்): கரும்புத் தோட்டங்களை எரிக்கும் காலத்தில் கரித்துகள் கார் முழுவதும் விழுகிறது. துணியால் தட்டித் துடைக்கலாமா?

பதில்: வேண்டாம், ஐயா. காய்ந்த துகளைத் துடைத்தால் பெயின்ட்டில் கீறல் விழும், கறுப்புப் பிளாஸ்டிக்கின் குழிகளுக்குள்ளும் அது அப்பிக்கொள்ளும். முதலில் மேலிருந்து கீழாகத் தண்ணீரை ஓடவிட்டு, பிறகு ஷாம்பூ போடுங்கள். பட்டையில் எண்ணெய்ப் பசை இருந்தால் துகள் அதில் ஒட்டிக்கொள்ளும், உங்கள் ஊரில் எண்ணெய்த் தன்மையுள்ள பூச்சுகளைத் தவிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): புதுக் காருக்குக் கோயிலில் பூசை செய்தோம். பம்பரில் இட்ட சந்தனமும் குங்குமமும் மஞ்சளும் கறையாக நின்றுவிட்டன. சுரண்ட மனம் வரவில்லை.

பதில்: சுரண்ட வேண்டியதே இல்லை, அம்மா. சந்தனம் தண்ணீரில் ஊறி இளகும். மென்மையான தூரிகையால் குழிகளிலிருந்து அதை எடுத்துவிடலாம். மஞ்சளின் நிறம் வெயிலில் தானாகவே மங்கும், ஆகவே சோப்பு நீரில் கழுவிய பின் எஞ்சும் மஞ்சளைச் சில நாள் விட்டுவிடுங்கள். குங்குமத்தில் சாயம் கலந்திருந்தால் சற்று அடம் பிடிக்கும், ஆல்கஹால் நனைத்த துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அடுத்த முறை நம்பர் பலகையிலோ கண்ணாடியின் ஓரத்திலோ பொட்டு வையுங்கள், வழவழப்பான பரப்பில் எதுவும் நிற்காது.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): முறையாகச் சுத்தம் செய்து, நெடுநாள் நிற்கும்படி பாதுகாப்பது எப்படி? கடையில் விதவிதமான புட்டிகள் இருக்கின்றன.

பதில்: பூச்சு உரிந்துபோகிறது என்று என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் நல்ல புட்டியை அழுக்கின் மேல் ஊற்றியவர்கள். ஆகவே நேரத்தில் பெரும்பகுதியைச் சுத்தத்துக்கே கொடுங்கள். காரை நிழலில் நிறுத்தி, பிளாஸ்டிக் கைக்குச் சூடில்லாமல் ஆறும்வரை காத்திருங்கள். ஷாம்பூ போட்டுக் கழுவிய பின், பலவகைப் பயன்பாட்டுத் துப்புரவு நீர்மத்தை ஒன்றுக்குப் பத்து என்ற அளவில் நீர் கலந்து தெளித்து, காய விடாமல் தூரிகையால் வட்டமாகத் தேய்த்து அலசுங்கள். நுரை பழுப்பாக வழியும்வரை அழுக்கு இருக்கிறது, வெண்மையாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். நன்றாக உலர்த்தி, கடைசியில் ஆல்கஹால் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். முன்பு பூசிய சிலிக்கோன் பூச்சின் எண்ணெய்ப் பசை அப்போதுதான் நீங்கும்.

இனிப் பூச்சு. நீர் சார்ந்த பாலைப் போன்ற பூச்சுகள் பூசுவதற்கு எளியவை, இயல்பான மங்கல் கறுப்பைத் தருபவை, ஆனால் சில வாரங்களில் மழையோடு போய்விடும். புற ஊதாத் தடுப்பு உண்டா என்று புட்டியில் பார்த்து வாங்குங்கள். எண்ணெய் போலப் பளபளக்கும் கரைப்பான் சார்ந்த சிலிக்கோன் பூச்சு முதல் நாள் அழகாக இருக்கும், பிறகு தூசியை இழுக்கும், மழையில் பெயின்ட்டின் மேல் கோடாக வழியும். அதை நான் விரும்புவதில்லை.

பிளாஸ்டிக்குக்கென்றே வரும் செராமிக் பூச்சு விலை கூடியது. ஆனால் அது பரப்பில் இறுகி ஒட்டிக்கொள்வதால், சரியாகப் பூசினால் ஓராண்டும் அதற்கு மேலும் நிற்கும். உண்மையாகவே வெளுத்த பிளாஸ்டிக்குக்கு நான் பரிந்துரைப்பது இதையே. கையுறை அணிந்து, ஒரு முழ நீளம் பூசி, மிகுதியை உடனே துடைத்துவிட்டு அடுத்த பகுதிக்குச் செல்லுங்கள். இவற்றில் பல காற்றின் ஈரத்தால் இறுகுபவை என்பதால், டர்பன் போன்ற ஈரமான ஊரில் தாமதித்தால் கோடுகள் அப்படியே நின்றுவிடும். பூசிய பின் புட்டியில் சொல்லப்பட்ட நேரம்வரை தண்ணீர் படக் கூடாது.

கேள்வி (டர்பன்): தேங்காய் எண்ணெய் தடவினால் கறுப்பாகிறதே, அது போதாதா? சிலர் சப்பாத்துப் (காலணி) பாலிஷும் போடுகிறார்கள்.

பதில்: எண்ணெய், தண்ணீரைப் போலவே வெடிப்பை நிரப்பிக் கண்ணை ஏமாற்றுகிறது. காய்வதற்குத் தாமதமாகிறது என்பதே வேறுபாடு. அது வெயிலைத் தடுப்பதில்லை, பிசுக்கேறித் தூசியைப் பிடிக்கிறது, பின்னால் நல்ல பூச்சு ஒட்டவும் விடுவதில்லை. சப்பாத்துப் பாலிஷ் காரில் சாய்பவரின் ஆடையைக் கறுப்பாக்கும்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): சூடான காற்றுத் துப்பாக்கியைக் காட்டினால் நொடியில் கறுப்பாவதைப் பார்த்தேன். செய்யலாமா?

பதில்: கறுப்பாவது உண்மைதான். சூட்டில் மேற்பரப்பு இளகி வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன. ஆனால் பாலிபுரோப்பிலீன் 160 டிகிரி செல்சியஸ் அருகில் உருகிவிடும், அந்தத் துப்பாக்கியோ அதைவிட மிக அதிகமான சூட்டைக் கக்கும். ஓரிடத்தில் கணநேரம் நின்றால் சொரசொரப்பு அழிந்து வழுக்கைத் திட்டு விழும், அதைத் திருத்த முடியாது. தப்பாமல் செய்தாலும், இழந்த புற ஊதாத் தடுப்பு திரும்பாது, சில மாதங்களில் மறுபடியும் வெளுக்கும். பம்பரின் விலையை நினைத்து இதை விட்டுவிடுங்கள்.

கேள்வி (உம்லாங்கா): கதவுத் தூண்களில் உள்ள, கண்ணாடி போலப் பளபளக்கும் கறுப்புப் பட்டைகளுக்கும் இதே முறைதானா?

பதில்: இல்லை. அவற்றைப் பெயின்ட்டைப் போல நடத்துங்கள், தூரிகை படக் கூடாது.

கேள்வி (லெனேசியா): எதற்கும் மசியாத அளவு வெளுத்துவிட்டால் பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: அடிக்கலாம், ஆனால் பாலிபுரோப்பிலீனில் பெயின்ட் எளிதில் ஒட்டாது. பிளாஸ்டிக்குக்கான ஒட்டுப் பிரைமர் முதலில் அடிக்காவிட்டால் சில மாதங்களில் செதில் செதிலாக உரியும். பக்கக் கண்ணாடியின் உறை, கதவுப் பட்டை போன்ற சிறு பாகங்களுக்கு, பழைய கார்களைப் பிரித்து விற்கும் உடைப்புக் கடைகளில் நல்ல நிலையில் உள்ள பழைய பாகத்தை முதலில் தேடுங்கள். கிடைத்தால், காரில் பொருத்தும் முன்பே கழற்றிய நிலையில் சுத்தம் செய்து செராமிக் பூச்சுப் பூசிவிடுங்கள், பின்னர் கை நுழையாத ஓரங்களும் அப்போது விடுபடாது.