பைலா இருக்கும்போது மஞ்சா எதற்கு?

கேள்வி: புத்தளத்துக் காப்பிரி மக்களின் மஞ்சாப் பாட்டு அழிகிறதே என்று எழுதியிருந்தீர்கள். அந்த மரபில் கிளைத்த பைலாத் துள்ளிசைக்குத்தான் இலங்கையே ஆடுகிறதே! இசை என்றால் கலக்கத்தானே செய்யும்? பழையதை ஒலிப்பதிவு செய்து வைத்தால் போதாதா?
- ஒரு வாசகர், வவுனியா

பதில்: கலக்கட்டும், யார் வேண்டாம் என்றது? மஞ்சாவே கலப்பில் பிறந்ததுதான். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று மூன்று ஆட்சியிலும் அடிமைகளாகவும் சிப்பாய்களாகவும் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள், போர்த்துக்கேயக் கலப்பு மொழியில் பாடும் பாட்டு அது. (‘காப்பிரி’ தென்னாப்பிரிக்காவில் வசைச்சொல். இங்கே அவர்கள் தங்களுக்கே சொல்லிக்கொள்ளும் பெயர்.)

புத்தளத்தில் அவர்கள் வாழும் சிராம்பியடியில் மஞ்சா தொடங்கும்போது தாலாட்டு மாதிரி மெதுவாக இருக்கும். இரண்டு சிரட்டை, ஒரு கண்ணாடிப் போத்தல், அதைத் தட்ட ஒரு கரண்டி, ஒரு டோலக். நாலைந்து வரிதான், அதையே திரும்பத் திரும்பப் பாடுவார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் வேகம் ஏறும். கடைசியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கால் நிற்காது.

1940களில் பொலிஸ்காரரான வொலி பஸ்தியன் பைலாவைச் சிங்களத்தில் பாடிப் பரப்பினார். தாளம் ஊரெல்லாம் போனது, சொல் போகவில்லை. இன்று சிராம்பியடிப் பிள்ளைகளின் வாய்மொழி சிங்களம். பாட்டு மனப்பாடம், பொருள் கேட்டால் பெரியவர்களைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் ஆடும் பைலாவில் அந்தச் சொற்களைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது.

ஒலிப்பதிவு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கரண்டியோடு பாட்டிக்குப் பக்கத்தில் உட்காரும் பிள்ளை, எப்போது வேகத்தைக் கூட்டுவது என்பதை அவர் முகத்தைப் பார்த்தல்லவா பிடிக்கிறது?

அதே கலப்பு மொழியை ஐரோப்பிய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் இன்னும் சிலர் பேசுகிறார்கள். அவர்களுடைய கல்யாணங்களில் கஃப்ரிஞ்ஞா ஆட்டமும் உண்டு. இந்த இரண்டு ஊர்ப் பெரியவர்களையும் நாலு நாள் சேர்த்து உட்காரவைத்து, ஒவ்வொரு பாட்டையும் பொருளோடு தமிழ் எழுத்திலும் சிங்கள எழுத்திலும் எழுதி, அந்தப் பிள்ளைகள் கையில் கொடுக்கவேண்டும். செலவு பெரிதில்லை. பெரியவர்களின் வயதுதான் அவசரப்படுத்துகிறது. அப்புறம், விழா மேடைக்கு அவர்களைக் கூப்பிடுகிறவர்கள் சாப்பாட்டுப் பொதியோடு அனுப்பிவிடாமல், மற்றப் பாடகர்களுக்குக் கொடுக்கும் அதே சம்பளத்தைக் கொடுங்கள்.