நாலு பேர் டென்டில் நாலு பேர் படுக்கலாமா? – கேள்வி பதில்

குடும்பத்தோடு சனி, ஞாயிறு வெளியே தங்குகிறவர்கள் டென்ட் பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. "எந்தக் கம்பெனி நல்லது" என்று மட்டும் கேட்டவர்களுக்குப் பதில் எழுதவில்லை.

ஈரோடு: நானும் மனைவியும், ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஏற்காடு, கொல்லிமலை பக்கம் காரில் போவோம். 'நாலு பேருக்கு' என்று போட்ட டென்ட் போதுமா?

படுக்கப் போதும், இருக்கப் போதாது. நாலு பேர் டென்டின் அகலம் பெரும்பாலும் 240 செ.மீ. தலைக்கு 60 வரும். பெரியவர் மல்லாந்து படுத்தாலே தோள் இடிக்கும். இதில் பைகள், தண்ணீர் கேன், ஈரச் செருப்பு எல்லாம் எங்கே போகும்? பிள்ளைகள் சின்னவர்கள் என்பதால் உங்களுக்கு நாலு பேர் அளவே சரி. ஆனால் முன்னால் திண்ணை மாதிரி மூடிய இடம் உள்ளதாகப் பாருங்கள். மழை பிடித்தால் பிள்ளைகள் உட்கார்ந்து விளையாடுவது அங்கேதான். நாலு பேரும் பெரியவர்கள் என்றால் ஆறு பேர் டென்டே வாங்குங்கள்.

கடையில் ஆள் எண்ணிக்கையைவிட, மழைக்காக டென்டுக்கு மேலே போர்த்தும் மேல்துணியைப் பாருங்கள். சில மலிவு டென்டுகளில் அது தொப்பி போல உச்சியை மட்டும் மூடும். காற்றோடு வரும் சாரல் பக்கவாட்டில் நேராக உள்ளே வந்துவிடும். மேல்துணி தரைக்கு ஒரு சாண் மேல் வரை இறங்க வேண்டும். அதற்குள்ளே நாம் படுக்கும் உள்கூடாரத்தில் வலை நிறைய இருக்க வேண்டும், காற்றுப் போக எதிரெதிரே வழி வேண்டும். காரில் போவதால் எடை கவலை இல்லை. ஃபைபர் கம்பியே போதும், அலுமினியத்துக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். ஃபைபர் பிளந்தால் மேலே மாட்டும் சின்ன உலோகக் குழாய் சில டென்டுகளில் கூடவே வரும். அதைத் தொலைக்காதீர்கள்.

கோவை: வால்பாறையில் தங்கினோம். மழையே இல்லை. ஆனாலும் காலையில் உள்ளே எல்லாம் ஈரம். புது டென்ட் ஒழுகுகிறது, கடையில் மாற்றித் தருவார்களா?

ஒழுகவில்லை. அது உங்கள் மூச்சு. தூங்கும் ஒருவர் இரவில் சுமார் கால் லிட்டர் நீரை ஆவியாக விடுகிறார். நாலு பேர் என்றால் ஒரு லிட்டர். குளிர்ந்த மேல்துணியில் அது பட்டுச் சொட்டாகிறது. ஒழுகல் என்றால் ஓர் இடத்தில் வரும், தையல் ஓரத்திலோ மூலையிலோ. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வியர்த்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம். குளிருகிறதே என்று காற்றுவழியை எல்லாம் மூடியிருப்பீர்கள். திறந்து வையுங்கள், போர்வையைக் கூட்டிக்கொள்ளுங்கள். மேல்துணிக் கயிறுகளை இழுத்து முளையடியுங்கள். துணி தளர்ந்து உள்கூடாரத்தில் ஒட்டினால் ஈரம் இறங்கிவிடும். முக்கால்வாசிப் பேர் அந்தக் கயிறுகளைப் பைக்குள்ளிருந்து எடுப்பதே இல்லை.

சென்னை: தண்ணீர் தாங்கும் அளவு என்று டென்டில் 1500, 3000 மி.மீ. போடுகிறார்கள். எது வேண்டும்?

1500 என்றால் துணிமேல் ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினாலும் கசியாது என்று பொருள். மேல்துணிக்கு 2000 இருந்தால் நம் மழைக்குத் தாராளம். தரைக்குத்தான் அதிகம் வேண்டும். முழங்கால் ஊன்றினால் அழுத்தம் அங்கேதான் விழுகிறது. தையல்மேல் டேப் ஒட்டாத டென்டில் எந்த எண் போட்டிருந்தாலும் பயனில்லை.

பொள்ளாச்சி: டென்டுக்கு அடியில் பெரிய தார்ப்பாய் விரித்தால் சேறு ஒட்டாதே?

விரியுங்கள், ஆனால் டென்டின் அடியைவிடச் சின்னதாக. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேல்துணியில் வழியும் மழை அதில் விழுந்து நேராக உங்கள் முதுகுக்கு அடியில் வந்து சேரும்.

தேனி: தப்பாச் சொல்றீங்க அண்ணே. நாங்க தோட்டத்துல எப்பவும் பெரிய தார்ப்பாய்தான் போடுவோம். சுத்தி நடக்கச் சுத்தமா இருக்கும். ஒருநாளும் நனைஞ்சதில்ல.

தம்பி, உங்கள் தோட்டம் சரிவா சமதளமா? சரிவில் தண்ணீர் ஓடிவிடும், சமதளத்தில் தேங்கும். சுத்தம் வேண்டுமென்றால் வாசலில் ஒரு சாக்கு போடுங்கள்.

பொள்ளாச்சி (மறுபடியும்): தேனிக்காரர் சொல்வதும் சரிதானே? தார்ப்பாயில் ஓட்டையே இல்லையே, தண்ணீர் எப்படி வரும்?

ஓட்டை இல்லாததுதான் சிக்கல். மண் தண்ணீரைக் குடிக்கும், தார்ப்பாய் குடிக்காது. டென்டின் தரைத்துணிக்கும் தார்ப்பாய்க்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீரை ராத்திரி முழுக்க நீங்கள் மேலே படுத்து அழுத்துகிறீர்கள். வீட்டு வாசலில் தார்ப்பாயை விரித்து, அதன்மேல் பழைய போர்வையைப் போட்டு, ஓரத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

தேனி: ஓரத்தை மேல மடிச்சு விட்டா?

தொட்டி கட்டுகிறீர்கள். உள்ளே மடியுங்கள், டென்டுக்கு அடியில்.

மதுரை: அப்படியானால் டென்டுக்கு உள்ளே விரித்தால்?

அது நல்ல யோசனை. பிள்ளைகள் படுக்கையை நனைத்தாலும் தரைத்துணி தப்பும். தார்ப்பாய்க் கச்சேரி இதோடு முடிந்தது.

சேலம்: டென்ட் உள்ளே ஒழுகுது, மழை இல்லை...

கோவைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருப்பூர்: ராத்திரி குளிருக்கு, அணைந்த கரி அடுப்பை உள்ளே வைக்கலாமா? புகை வராது.

கூடாது. புகை இல்லாவிட்டாலும் கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமில்லை. 2024-ல் கொடைக்கானலில் விடுதி அறைக்குள் பார்பிக்யூ அடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை. கேஸ் அடுப்பும் வெளியேதான்.

நாகர்கோவில்: நிழலுக்குத் தென்னந்தோப்பில் போடலாமா?

தேங்காய் எப்போது விழும் என்று தெரிந்தால் போடலாம்.

ஊர் பெயர் போடாதவர்: ஊட்டி போகிறோம், காட்டுக்குள் நல்ல இடம் சொல்லுங்கள்.

சொல்ல மாட்டேன். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டில் தங்குவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததற்குப் பிறகுமா இந்தக் கேள்வி? தனியார் எஸ்டேட் என்றாலும் யானை வருமா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் ரிசார்ட் டென்டில் தங்கிய பெண்ணை யானை கொன்றது. டென்ட் வெறும் துணிதான்.

வேலூர்: தூக்கிப் போட்டால் தானே விரிகிற டென்ட் வாங்கலாமா?

விரிப்பது நொடி. மடிப்பதைக் கடையிலேயே செய்து பார்த்துவிட்டு வாங்குங்கள். மடித்த வட்டம் கார் டிக்கியில் நுழைகிறதா என்றும் பாருங்கள்.

கரூர்: உள்ளே கரி போட்டு, ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்தால்?

திருப்பூருக்குச் சொன்னதுதான். கூடாது.

புதுச்சேரி: போன வருட டென்டை எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, நாற்றமும் அடிக்கிறது.

ஈரத்தோடு மடித்து வைத்திருக்கிறீர்கள். உள்பக்கப் பாலியூரித்தேன் பூச்சு ஈரப்பதத்தில் சிதைந்துவிட்டது. இனி அது மழை தாங்காது, கொசுவுக்கு மறைப்பாக வைத்துக்கொள்ளலாம். அடுத்ததை ஊர் திரும்பிய அன்றே மொட்டை மாடியில் விரித்து, தையல் ஓரம்வரை காயவிட்டு, பையில் திணிக்காமல் தளர்வாக மடித்து வையுங்கள். நாள் முழுக்க வெயிலில் போடாதீர்கள், துணி நைந்துவிடும்.