சிக்னலை எண்ணும் பையனை என்ன படிக்க வைப்பது?

பஸ்ஸில் போகும்போதெல்லாம் எத்தனை விநாடி பச்சை, எத்தனை விநாடி சிவப்பு என்று மகன் நோட்டில் எழுதுகிறான், "இது சோறு போடுமா சார்?" என்று கேட்டீர்கள் அம்மா. ஆறுதல் சொல்லி அனுப்பிவிடலாம்தான். ஆனால் பெரியப்பா சொன்னார் என்று வீட்டை அடகு வைத்து கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்கப் போகிறீர்களாமே? கூடாது. தவணை கட்டப்போவது பெரியப்பா இல்லை.

அந்த நோட்டைப் பார்த்தேன். பச்சை விழுந்தும் முதல் வண்டி நகர இரண்டு விநாடி ஆகிறது என்று ஓரத்தில் கிறுக்கியிருக்கிறான். போக்குவரத்துப் பொறியாளர்கள் இதை 'வீணாகும் நேரம்' என்று கணக்கில் வைப்பார்கள். எல்லாத் திசைக்கும் ஒருமுறை பச்சை விழுந்து முடிவது ஒரு சுற்று; அதற்கு எத்தனை விநாடி வைப்பது என்று 1958இல் வெப்ஸ்டர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் தந்த சூத்திரத்தில் அதுதான் முக்கியப் புள்ளி. ஒரு சுற்றில் 10 விநாடி வீணாகி, சந்திப்பின் சுமை (தாங்கக்கூடிய வண்டிகளில் எத்தனை பங்கு வருகிறது என்பது) 0.75 என்றால் சுற்று நேரம் 80 விநாடி. சுமை 0.9 ஆனால் 200! கொஞ்சம் வண்டி கூடினாலே சந்திப்பு ஏன் திணறுகிறது என்று இப்போது புரிகிறதா?

ஒரு சந்திப்போடு வேலை முடிவதில்லை. அடுத்த சிக்னல் 600 மீட்டரில், வண்டிகள் மணிக்கு 36 கிலோமீட்டரில் வந்தால், அங்கே பச்சை 60 விநாடி தள்ளி விழ வேண்டும். இந்த இடைவெளிக்குப் பெயர் ஆஃப்செட். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் சிக்னலை 90 விநாடிச் சுற்றில் ஓட்டி, நம் ஊர் சிக்னல் 80ஆக இருந்தால் இரண்டும் 12 நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஒத்துப்போகும். எதிர்த்திசையில் வருகிறவனுக்கும் பச்சை வேண்டுமே! அதனால் ஒரு வட்டாரம் முழுவதற்கும் கணக்கைச் சேர்த்துத்தான் போட வேண்டும். இரண்டு நிர்வாகங்களை ஒரே மேஜையில் உட்காரவைக்கவும் தெரிய வேண்டும். (இரண்டாவதுதான் கஷ்டம் என்பார்கள்.)

வழி இதுதான்: சிவில் பட்டம், பிறகு போக்குவரத்துப் பொறியியலில் முதுநிலை. சிவிலில் கான்கிரீட்டும் மண்ணும் படித்தே ஆக வேண்டும், முனகுவான். புள்ளியியலும் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியும் கூடவே கற்கட்டும். சாலைத் துறைகள், ஆலோசனை நிறுவனங்கள், சிக்னல் கருவி செய்பவர்கள் என்று வேலை தருவோர் உண்டு. ஆரம்பச் சம்பளம் மென்பொருள்காரர்கள் அளவுக்கு இருக்குமென்று நான் வாக்குத் தர மாட்டேன்.

காசு கட்டுமுன் ஒரு சோதனை. சூமோ என்ற போக்குவரத்து மென்பொருள் இலவசம். விடுமுறையில் நான்கு சந்திப்புகளை அவனே அதில் வரைந்து ஓட்டட்டும். மூன்றாம் வாரம் சலித்துவிட்டால் என்னிடம் வாருங்கள், வேறு பேசுவோம். அதுவரை அடகுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.