வாசகர் கேள்வி: மெக்சிகன் சாப்பாடு எங்களுக்குப் பிடிக்குமோ?

கேள்வி: அடுத்த மாசம் ரொறன்ரோவில இருக்கிற மகளிட்டப் போறம், அவள் எங்களை ஒரு வடிவான மெக்சிகன் ரெஸ்ரோரன்டுக்குக் கூட்டிக்கொண்டு போகப்போறாளாம், விலையும் பெரிசா இல்லையாம். என்னத்தை ஓடர் பண்ணுறது?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: யோசிக்காமல் போங்கோ அக்கா, கட்டாயம் பிடிக்கும். எங்கட கொச்சிக்காயே அந்தப் பக்கத்தில இருந்து போர்த்துக்கீசர் வழியா வந்ததுதானே, உறைப்பு ஒண்டும் புதுசில்லை. டாக்கோ எண்டால் சின்ன ரொட்டிக்குள்ள இறைச்சியோ மரக்கறியோ வைச்சு மடிச்சது, அதை எடுத்தால் சோள ரொட்டியில கேளுங்கோ, சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணியில அவிச்சு ஊறவிட்டு அரைச்சுச் சுடுறது, அந்த வாசம் கோதுமை ரொட்டிக்கு வராது, எவ்வளவு பெரிய இடமெண்டாலும் கையாலதான் சாப்பிடோணும், முள்ளுக்கரண்டியைத் தேடாதேங்கோ. மோலே எண்டொரு குழம்பு இருக்கு, கொச்சிக்காய், எள்ளு, கச்சான், சிலதில கொஞ்சம் சொக்லேட்டும் போட்டுக் காய்ச்சுறது, அதை விட்டிடாதேங்கோ. 2010இல யுனெஸ்கோ மெக்சிகோச் சமையலைப் பாரம்பரியப் பட்டியலில சேர்த்தது சும்மா இல்லை.

விரத நாளெண்டால் கவனம், அரைச்ச பீன்ஸில பன்றிக்கொழுப்பு போடுற வழக்கம் இருக்கு, கேட்டுப்போட்டு எடுங்கோ. மத்தியானம் போனால் பெரும்பாலும் இன்னும் மலிவு, ஆளுக்கொண்டு எடுக்காமல் எல்லாத்தையும் நடுவில வைச்சுப் பங்கிட்டுச் சாப்பிடுங்கோ.